கர்ப்பப்பை நீக்கமும் ஹார்மோனும்: பரவும் செய்தி தவறானது

"கர்ப்பப்பையை எடுத்தால் ஹார்மோன் முழுவதும் நின்றுவிடும், அதற்கு மாத்திரை எடுத்தால் புற்றுநோய் நிச்சயம், உளுந்தங்களியே போதும்" என்று திருநெல்வேலி, தென்காசி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி உண்மையல்ல.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரப்பவை முக்கியமாகச் சினைப்பைகளே என்பதால், அவற்றை விட்டுவைத்திருந்தால் மாதவிடாய் நின்றாலும் சுரப்பு பெரும்பாலும் தொடரும். வயதாகும்போது இயல்பாக அந்தச் சுரப்பு நிற்பது மட்டும் சற்று முன்னதாக வரலாம். இரண்டு சினைப்பைகளையும் அகற்றியவர்களுக்கோ, திடீர் உடற்சூடு, இரவு வியர்வை, தூக்கமின்மை, பிறப்புறுப்பு வறட்சி ஆகியவை விரைவிலேயே தொடங்கக்கூடும். இளவயதினருக்கு எலும்பும் வலுவிழக்கும் என்பதால், "பொறுத்துக்கொள்" என்று அவர்களிடம் சொல்வது அநீதி.

புற்றுநோய் அச்சம் பெரும்பாலும், அமெரிக்காவில் 2002-இல் வெளியான, ஈஸ்ட்ரோஜனும், கர்ப்பப்பையைப் பாதுகாக்கச் சேர்க்கப்படும் புரோஜெஸ்டின் என்ற ஹார்மோனும் சேர்ந்த மருந்தைப் பற்றிய ஆய்விலிருந்து வந்தது. கர்ப்பப்பை இல்லாதவர்களுக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டுமே தரப்படுகிறது. அதே ஆய்வின் 2004 முடிவில் ஈஸ்ட்ரோஜன் மட்டும் உள்ள மருந்தால் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை, ஆனால் பக்கவாத ஆபத்து கூடியது. ஆகவே வயதையும் ரத்த அழுத்தத்தையும் முந்தைய நோய்களையும் பார்த்து மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்; மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு இது பொதுவாகத் தரப்படுவதில்லை.

உளுந்தங்களி நம் ஊரின் நல்ல உணவுதான். ஆனால் அது ஈஸ்ட்ரோஜனுக்கு ஈடாகாது.

சினைப்பைகள் அகற்றப்பட்டனவா என்பது உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டையிலுள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு, மகளிர் நோய்ப் பிரிவிலோ, 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணிலோ கேளுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.