"இன்னும் போகலையா?"

காலையில் எழுந்ததும் என் முதல் வேலை போர்வையை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் உதறுவது. வீட்டுக்குள் உதறினால் தவிடு கொட்டினது மாதிரி தரையெல்லாம் செதில். சொரியாசிஸ் என்கிற தோல் நோய் வந்து பதினாறு வருடம் ஆகிறது. செதில் பளிச்சென்று தெரியும் என்பதால், நான் கடைசியாகக் கறுப்புச் சட்டை வாங்கியும் அதே பதினாறு வருடம்.

இது தொற்றாது என்று ஆயிரம் பேரிடம் சொல்லிவிட்டேன், அதில் சலிப்பில்லை. சலிப்பூட்டுவது ஒரே ஒரு கேள்விதான்: "இன்னும் போகலையா?" சர்க்கரைக்காரரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. இதுவும் அந்த ஜாதிதான், அடங்கும், திரும்பும். சாதாரணமாகத் தோலின் அடியில் உருவாகும் செல் மேலே வந்து உதிர ஒரு மாதம் போல ஆகும். எங்களுக்கு நாலைந்து நாளில் வந்துவிடும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தப்பாகத் தூண்டிவிடுகிற அவசரம் அது. ரத்தம் கெட்டுப்போனதாலும் இல்லை, குளிக்காததாலும் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் மோசம் போனேன். "நூறு சதவீத குணம்" என்று சுவரில் எழுதியிருந்த ஓர் இடத்தில் கறுப்பு உருண்டை வாங்கித் தின்றேன். பத்தே நாளில் தோல் பளிச். தெரு முழுக்க அரைக்கை சட்டையில் நடந்தேன். மூன்றாவது மாதம் முகம் பூரி மாதிரி உப்பியது. பயந்துபோய் நிறுத்தினேன். இரண்டு வாரத்தில் தலை முதல் கால் வரை சிவந்து, ஊசிமுனை அளவு சீழ்க் கொப்புளங்கள், நடுக்கத்தோடு காய்ச்சல். அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "உருண்டை ஏதாவது சாப்பிட்டீங்களா?" ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றார். அதைத் திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் சீறுமாம்.

சித்த வைத்தியத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அதில் இதற்குக் காளாஞ்சகப்படை என்று பெயரே இருக்கிறது. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதாவாக மாறும். நானும் அதைத் தலையில் தேய்க்கிறேன், செதில் இளகுகிறது. தலையணை உறைதான் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விட்டது. என் கோபம் சீட்டும் பெயரும் இல்லாத பொட்டலத்தின் மேல். மெடிக்கலில் கேட்டதும் எடுத்துத் தருகிற ஸ்டீராய்டு களிம்பு டியூபின் மேலும்தான். டாக்டர் சொன்ன நாளைத் தாண்டி மாதக்கணக்கில் தடவியதில் என் தொடைத் தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆனது.

இப்போது எனக்கு, தப்பாகத் தூண்டுகிற அந்த எதிர்ப்புச் சக்தியை அடக்க, மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. வாரம் ஒரே ஒரு நாள், ஞாயிறு. மறந்துபோய் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் காலண்டரில் ஞாயிற்றுக் கட்டத்தில் மனைவி பேனாவால் சுழித்துவைப்பாள். அவ்வப்போது ரத்தமும் லிவரும் பார்க்க வேண்டும், குடி கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மார்கழிப் பனி, தொண்டை வலி, கடன் கவலை, இந்த மூன்றில் ஒன்று வந்தால் முழங்கையில் முதல் சிவப்பு தெரியும். வாட்ச் பட்டை உரசின இடத்தில்கூட வந்திருக்கிறது. சொந்தக்காரர்கள் கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்தச் சொன்னார்கள். ஆறு மாதம் நிறுத்திப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. பாவம், கத்தரிக்காய்! எட்டு கிலோ எடை குறைத்தபோதுதான் கொஞ்சம் அடங்கியது. ஆனால் ஒன்று, நகத்தில் குண்டூசி குத்தினது மாதிரி குழியும் காலையில் விரல் விறைப்பும் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். மூட்டுக்கும் இறங்குகிற நோய் இது. கோணின விரல் திரும்ப நிமிராது.

முன்பு ஒரு சலூனில் என் தலையைப் பார்த்துவிட்டு, "கத்தரி ரிப்பேர்ண்ணே" என்று அனுப்பினார்கள். இப்போது போகிற கடைத் தம்பி எனக்கென்று தனியாக வெள்ளைத் துணி வைத்திருக்கிறான். செதில் தெரியாதாம். போன வாரம் துணியை உதறிக்கொண்டே, "இந்த வாட்டி பின்பக்கம் கம்மிண்ணே, காதோரம்தான் இருக்கு" என்றான்.