"சக்கர நாற்காலிக்காரங்க யாரும் நம்ம கடைக்கு வர்றதில்லையே சார்!"

ஞாயித்துக்கிழமை காலை பத்து மணி. திருச்சி தில்லைநகர்ல ஒரு துணிக்கடை வாசல்ல நாங்க நாலு பேர் நிக்கிறோம். கையில இஞ்சு டேப்பு, ஒரு நோட்டு. கூட சக்கர நாற்காலியில அக்கா. வந்த விஷயத்தை நான் சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள முதலாளி கல்லாவைத் திறந்து ஒரு அம்பது ரூபா நோட்டை நீட்டுறாரு. "இந்தாங்க. ரசீதெல்லாம் வேணாம்."

வசூலுக்கு வந்திருக்கோம்னு நினைச்சுட்டாராம்! யாரைப் பார்த்து? இருபது வருஷமா பேங்க்ல வேலை பார்க்கிற ஒரு பொம்பளையைப் பார்த்து. தங்கச்சி மக கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கணும்னு பையில பணத்தோட வந்திருக்காங்க அவங்க. கடைக்கு மூணு படி. படிக்கு மேல "வாடிக்கையாளரே எங்கள் தெய்வம்"னு போர்டு. தெய்வம் வெயில்ல காயுது, பூசாரி அம்பது ரூபா குடுத்து அனுப்பப் பார்க்கிறாரு.

ரெண்டு வருஷமா கடை கடையா ஏறி இறங்கறோம். எங்களுக்கு யாரும் சம்பளம் தரலை, கேட்கவும் இல்லை. நாங்க சொல்றதெல்லாம் இதுதான்: வாசல்ல படிக்குப் பதிலா ஏற ஒரு ராம்ப், அதாவது சாய்வுப் பலகை போடுங்க, வழியில நிக்கிற பொம்மையை ஓரமா தள்ளி வைங்க, கதவு மூணடி அகலம் இருக்கட்டும். அளவெடுத்துக் குடுக்கறது நாங்க. பட்டறையில சொல்லி, வழுக்காத செக்கர் பிளேட் இரும்புத் தகடுல அடிச்சு வாங்கிட்டு வர்றதும் நாங்க. பில்லுக்குப் பணத்தை மட்டும் நீங்க குடுங்க.

அதுக்கு வர்ற பதில் எல்லாக் கடையிலயும் ஒண்ணுதான். "அந்த மாதிரி யாரும் நம்ம கடைக்கு வர்றதில்லையே சார்."

எப்படி வருவாங்க? பறந்தா? 2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கு மேல மாற்றுத்திறனாளிகளை எண்ணியிருக்காங்க. அதுக்கப்புறம் வந்த 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்லுது, அப்போ இன்னிக்கு எண்ணினா எங்க போய் நிக்குமோ. முட்டி தேஞ்ச உங்க அம்மாவை இதுல சேர்க்கவே இல்லை. அந்தம்மா கடைசியா எப்ப உங்க கடைப் படி ஏறினாங்கன்னு கேட்டுப் பாருங்க முதலாளி.

அடுத்த ரகம், "ராம்ப்தான் இருக்கே!" ஆமா இருக்கு. ராத்திரி டூவீலரை உள்ள ஏத்தி வைக்கறதுக்காக, சுவர் மாதிரி செங்குத்தா பூசி வச்ச சிமென்ட். அதுல நாற்காலியை ஏத்தினா பின்பக்கமா மல்லாக்க விழ வேண்டியதுதான். கணக்கு ரொம்ப சுலபங்க: ஒரு இஞ்சு உயரத்துக்கு ஒரு அடி நீளம். ஆறு இஞ்சு படின்னா ஆறடி பலகை. மூணு படின்னா பதினெட்டு அடி. பத்தடி முகப்புள்ள கடையில அது கஷ்டம்தான், ஒத்துக்கறேன். பக்கவாட்டுல திருப்பிக் கொண்டு போகலாமான்னு பார்க்கத்தான் டேப்போட வர்றோம். ஆனா கஷ்டம்னு சொல்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் கடைக்கு ஒரே ஒரு படிதான்! ரோடு போடறவன் சுரண்டாம மேல மேல போட்டுட்டே போறான், தண்ணி வந்துடும்னு இவங்க வாசலை ஒசத்திட்டே போறாங்க. நடுவுல மாட்டிக்கிட்டது அக்கா.

ஒரு பெரிய கடையில "லிஃப்ட் இருக்கு மேடம்"னு பெருமையா கூட்டிட்டுப் போனாங்க. லிஃப்டுக்கு முன்னாடி அஞ்சு படி. இந்த பிளானைப் போட்ட இன்ஜினியர் கையை ஒரு தடவை பிடிச்சுக் குலுக்கணும் எனக்கு. இன்னொரு ஓட்டல்ல கழிவறைக் கதவுல சக்கர நாற்காலிப் படமெல்லாம் ஒட்டியிருக்கு. திறந்தா உள்ள விளக்கமாறு, பினாயில் கேன், உடைஞ்ச டேபிள் ஃபேன். சாவி மேனேஜர்கிட்ட, மேனேஜர் சாப்பிடப் போயிட்டாரு.

எல்லாத்தையும் விட எனக்கு ரத்தம் கொதிக்கறது எதுக்குன்னா, "அதுக்கென்ன சார், நம்ம பசங்க ரெண்டு பேர் தூக்கி விட்டுருவாங்க." ஏங்க, அவங்க என்ன அரிசி மூட்டையா? அம்பது வயசுப் பொம்பளையை முன்ன பின்ன தெரியாத ரெண்டு பசங்க அக்குள்ல கையைக் குடுத்துத் தூக்கறதை நடுரோட்டுல நாலு பேர் வேடிக்கை பார்க்கணும், அதுக்கு இவங்க "தேங்க்ஸ் தம்பி"ன்னு வேற சொல்லணும். உங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு இப்படிப் பண்ணச் சொல்லுவீங்களா?

சட்டம் பேசினா முகம் சுளிக்கிறாங்க. ஆனா இருக்கு. பொதுமக்கள் வந்து போற கட்டடம், தனியாரா இருந்தாலும், அந்த 2016 சட்டத்தோட 2017 விதிகள் வந்த அஞ்சு வருஷத்துக்குள்ள சரி பண்ணியிருக்கணும். 2022லயே கெடு முடிஞ்சாச்சு. முதல் தடவை மீறினா 10,000 ரூபா வரைக்கும் அபராதம், திரும்ப மீறினா 50,000ல ஆரம்பிச்சு 5 லட்சம் வரைக்கும். 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றம், இந்த வசதி விதிகள் வெறும் பரிந்துரையா இருந்தா போதாது, கட்டாயமாக்குங்கன்னு மத்திய அரசுக்கு மூணு மாசம் கெடு குடுத்துச்சு. எங்க தெருவுல இதுக்காக ஒரு கடைக்காரர் ஒத்த ரூபா அபராதம் கட்டி நான் பார்த்ததில்லை. தெராசுல முத்திரை இல்லைன்னா மட்டும் அதிகாரி வந்து நிக்கிறாரு.

இதுல "நல்ல சேவை பண்றீங்க தம்பி, புண்ணியம் கிடைக்கும்"னு முதுகுல தட்டறவங்க தனி. புண்ணியத்தை நீங்களே வச்சுக்கங்க. எனக்குப் படிக்குப் பக்கத்துல ஆறடிப் பலகை போதும்.

நாலு மாசம் நடையா நடந்து ஒரு மெடிக்கல் ஷாப்காரர் போன மாசம் ஒத்துக்கிட்டாரு. ஒத்தப் படிதான். ஆறடிப் பலகை, ரெண்டு பக்கமும் கைப்பிடி, மஞ்சள் பெயின்ட். அக்கா தானா உருட்டிட்டு உள்ள போய், தானே மாத்திரை வாங்கி, தானே சில்லறையை எண்ணி வாங்கிட்டு வெளிய வந்தாங்க. முதலாளிக்கும் குஷி. "அட்டைப் பெட்டியெல்லாம் தள்ளுவண்டியோட அப்படியே உள்ள வந்துடுது சார், முன்னாடியே போட்டிருக்கலாம்"னாரு.

நேத்து அந்தப் பக்கம் போனேன். ராம்ப் மேல அவரோட ஸ்கூட்டர் நிக்குது, பூட்டி. என்னங்க இதுன்னு கேட்டா, சிரிச்சுக்கிட்டே சொல்றாரு: "வெளிய எங்க சார் இடம்? அந்தம்மா வந்தா வாசல்ல இருந்து ஒரு குரல் குடுக்கச் சொல்லுங்க, எடுத்துடறேன்."