போன ஞாயிறா, வரும் ஞாயிறா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) சுவரில் ஆங்கிலத்தில் ஒரு தாள். "வாட்டர் சப்ளை வாஸ் கட் ஆன் சண்டே." வாஸ் என்றால் முடிந்த கதைதானே? போன ஞாயிறைச் சொல்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். இந்த ஞாயிறு குழாயைத் திறந்தால் காற்று! அம்மா குளிக்க ஒரு வாளித் தண்ணீர் இல்லை.

இது ஒன்றா, இரண்டா? கடைப் பலகையில், விடுப்புக் கடிதத்தில், கல்யாண மண்டப ரசீதில், எங்கும் ஆங்கில வினையின் காலத்துக்கு இதே கொடுமை. "டிட் நாட் கேம்" என்று எழுதுகிறார்கள். டிட் வந்தபோதே இறந்தகாலமும் வந்துவிட்டது, அப்புறம் கேம் எதற்கு?

கேட்டால், மலாய் பேசிய பழக்கமாம். சரி, மலாயில் வினைச்சொல் காலத்துக்காக மாறாது. முடிந்ததற்குச் சுடா, இனி நடப்பதற்கு ஆக்கான் என்று முன்னால் ஒரு சொல் போதும். ஆனால் நாம் தமிழர்களாயிற்றே! வந்தான், வருகிறான், வருவான் என்று வினைக்குள்ளேயே காலத்தை வைத்துப் பேசுகிறவர்கள். பள்ளிக்கூடம் பார்க்காத என் பாட்டி "நேற்று வருவேன்" என்று ஒருநாளாவது சொல்லியிருப்பாரா? ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் அந்தக் காது எங்கே போகிறது?

இன்று காலை அதே சுவரில் புதுத் தாள். "ஆபீஸ் வில் க்ளோஸ்ட் மண்டே." எந்த மண்டே ஐயா?