பழுதுப் பட்டியல் யாருக்குப் பயன்படும்?

புதிய திறன்பேசி வாங்கப் போகிறவர் கேமரா, நினைவகம், திரை ஆகியவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகு கடைசியில் கேட்பது ஒரே கேள்விதான்: எந்தக் கம்பெனி போன் நீண்ட நாள் உழைக்கும்? நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு விடையாக இணையத்தில் சுற்றிவரும் "மிகக் குறைவாகப் பழுதாகும் நிறுவனங்கள்" வகைப் பட்டியல்கள், ஒரே ஒரு புதிய போனை வாங்கும் தனிநபருக்கு ஏறத்தாழ எந்த உதவியும் செய்வதில்லை என்பது என் கருத்து. மொத்தமாக வாங்கும் அலுவலகங்களுக்கு அவை பயன்படும். பழைய மாடலை இரண்டாம் கையாக வாங்குபவருக்கும் பயன்படும். ஆனால் இவற்றை ஆர்வத்தோடு படித்துப் பகிர்பவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு வகையிலும் சேராதவர்கள்.

ஒழுங்காகச் செய்யப்பட்ட ஒப்பீடு எப்படி இருக்கும் என்பதற்குப் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. கூடுதல் வாரண்டி விற்கும் அமெரிக்க நிறுவனமான ஸ்கொயர்டிரேட், தன்னிடம் பதிவான போன்களை வைத்து 2008இல் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டது. கீழே விழுந்து உடைந்தவற்றைத் தனியே ஒதுக்கிவிட்டு, தானாகப் பழுதானவற்றை மட்டும் எண்ணியபோது, முதல் ஆண்டில் ஐபோனுக்கு 5.6 சதவீதம், பிளாக்பெர்ரிக்கு 11.9 சதவீதம், பாம் நிறுவனத்தின் ட்ரியோ போனுக்கு 16.2 சதவீதம் என்று கணக்கு வந்தது. கூடுதல் வாரண்டி வாங்கியவர்களின் போன்கள் மட்டுமே இதில் அடங்கும் என்ற குறை இருந்தாலும், மொத்தம் எத்தனை போன்கள், அவற்றில் எத்தனை பழுதாயின என்ற இரண்டு எண்களும் அந்நிறுவனத்தின் கையில் இருந்தன. போன்களின் அமைப்பும் அப்போது வெவ்வேறாக இருந்தது. ஒன்றில் பொத்தான் விசைப்பலகை, இன்னொன்றில் விரலால் உருட்டும் சிறு பந்து, மற்றொன்றில் வெறும் கண்ணாடித் திரை என்றிருந்த காலத்தில், பழுதாகும் விகிதத்தில் மூன்று மடங்கு வேறுபாடு இருந்தது வியப்பில்லை. இன்று எல்லாப் போன்களும் ஒரே கண்ணாடிப் பலகை வடிவத்துக்கு வந்துவிட்டன. திரை, நினைவகச் சில்லு, கேமரா சென்சார் எல்லாம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில தயாரிப்பாளர்களிடமிருந்தே வருகின்றன. ஒருவருக்கொருவர் போட்டியாளர்களாக விளம்பரம் செய்துகொள்ளும் நிறுவனங்களே ஒன்றிடமிருந்து மற்றொன்று பாகம் வாங்குகின்றன. இந்த நிலையில், நிறுவனத்தின் பெயரை மட்டும் வைத்துப் பெரிய வேறுபாட்டை எதிர்பார்ப்பது பழைய பழக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தவறாகப் படிக்கப்பட்ட ஒப்பீட்டுக்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது. போன்களைச் சோதிக்கும் மென்பொருளை விற்கும் பிளாங்கோ என்ற நிறுவனம் 2016இன் இரண்டாம் காலாண்டுக்கு வெளியிட்ட அறிக்கையில், ஐபோன் வகைக் கருவிகளின் "தோல்வி விகிதம்" 58 சதவீதம் என்றும் ஆண்ட்ராய்டு கருவிகளுக்கு 35 சதவீதம் என்றும் இருந்தது. உலகெங்கும் அது செய்தியாயிற்று. பாதிக்கும் மேற்பட்ட ஐபோன்கள் பழுதாகிக் கிடந்தன என்று இதற்குப் பொருள் கொண்டால், சுற்றியிருப்பவர்களின் கைகளைப் பார்த்தாலே அது பொய் என்று தெரிந்துவிடும். அந்தக் கணக்கு, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் போன்ற இடங்களில் பிளாங்கோவின் மென்பொருளைக் கொண்டு சோதிக்கப்பட்ட கருவிகளைப் பற்றியது. செயலி ஒன்று நின்றுபோனாலும் அது தோல்வியாகவே எண்ணப்பட்டது. மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு ஊரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று கணக்கெடுப்பது போன்றது இது. அறிக்கையைத் தயாரித்தவர்களைவிட, "ஐபோனை ஆண்ட்ராய்டு வென்றது" என்று தலைப்பிட்டவர்கள் மீதே எனக்கு வருத்தம் அதிகம்.

சரி, கணக்கு மிகச் சரியாகவே எடுக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாடல் நூற்றுக்கு இரண்டு பழுதாகிறது, மற்றொன்று நூற்றுக்கு நான்கு பழுதாகிறது. "இரண்டு மடங்கு பழுது" என்று தலைப்பு வைக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆயிரம் ஊழியர்களுக்குப் போன் வாங்கித் தரும் அலுவலகத்துக்கு இது இருபதுக்கும் நாற்பதுக்கும் உள்ள வேறுபாடு. மாற்றுப் போன்கள், அலைச்சல், செலவு எல்லாம் அதற்கேற்பக் கூடும். ஆனால் ஒற்றைப் போன் வாங்குபவருக்கு, முதல் மாடலை எடுத்தால் பழுதில்லாமல் ஓட 98 சதவீத வாய்ப்பு, இரண்டாவதை எடுத்தால் 96 சதவீத வாய்ப்பு. இந்த இடைவெளியை ஒரு மனிதர் தம் வாழ்நாள் முழுவதும் போன் வாங்கினாலும் அனுபவத்தில் உணர முடியாது. அவருக்குத் தெரிவது தம் கையில் உள்ள போன் ஓடுகிறதா, இல்லையா என்பது மட்டுமே. "நாலு வருஷமா ஒரு குறையும் இல்லை" என்பவரும் "மூன்றாம் மாதமே போர்டு போய்விட்டது" என்பவரும் ஒரே மாடலைப் பற்றி உண்மையையே பேசுகிறார்கள். இருவரும் கடைசி வரை சண்டை போடலாம்; யாரும் தோற்க மாட்டார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் காலம். ஒரு மாடல் சுமார் ஓராண்டுக் காலம் முழுவீச்சில் விற்கிறது. அதன் உள்ளார்ந்த குறைகளோ பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் ஆண்டில்தான் வெளிப்படுகின்றன. ஐபோன் 6 பிளஸ் 2014 செப்டம்பரில் வந்தது. தொடுதிரை தானாகத் துடிப்பதும் பதிலளிக்காமல் போவதுமான அதன் குறைக்கென்று ஆப்பிள் தனிப் பழுதுநீக்கத் திட்டத்தை அறிவித்தது 2016 நவம்பரில்; அதற்கு முன்பே ஐபோன் 7 கடைக்கு வந்துவிட்டது. எல்ஜி ஜி4 திரும்பத் திரும்பத் தானே மறுதொடக்கமாகும் சிக்கலை, பாகங்களுக்கிடையே இணைப்புத் தளர்ந்ததால் வந்த வன்பொருள் குறை என்று எல்ஜி ஒப்புக்கொண்டது 2016 ஜனவரியில். அந்தப் போன் வெளியானது 2015இல். புதுப் போன் வாங்குபவரின் கையில் இத்தகைய தகவல் கிடைக்கும்போது, அது பெரும்பாலும் கடையில் இல்லாத மாடலைப் பற்றியதாகவே இருக்கிறது.

அப்படியானால் நிறுவனத்தின் பழைய வரலாற்றை வைத்துக் கணிக்கலாமே என்பார்கள். சாம்சங் கேலக்சி நோட் 7ஐ எடுத்துக்கொள்வோம். 2016 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்தது. பேட்டரி தீப்பிடித்ததால் செப்டம்பர் தொடக்கத்தில் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. மாற்றிக் கொடுத்த போன்களும் தீப்பிடிக்க, அக்டோபரில் அந்த மாடலே கைவிடப்பட்டது. இரண்டு வெவ்வேறு தயாரிப்பாளர்களின் பேட்டரிகளில் இரண்டு வெவ்வேறு குறைகள் இருந்ததாக 2017 ஜனவரியில் சாம்சங் விளக்கியது. 2015ஆம் ஆண்டின் எந்தத் தரவரிசையும் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. 2016ஐ வைத்து எழுதிய தரவரிசை 2017இல் வந்த கேலக்சி எஸ்8ஐப் பற்றித் தவறான அச்சத்தையே தந்திருக்கும். குறை என்பது குறிப்பிட்ட மாடலில், சில நேரங்களில் அந்த மாடலின் குறிப்பிட்ட தொகுப்பில் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரில் அதைத் தேடினால் கிடைக்காது.

இதனால்தான் இரண்டாம் கையாக வாங்குபவரைத் தனியாகக் குறிப்பிட்டேன். இரண்டு, மூன்று ஆண்டுகள் புழங்கிய மாடலின் குறைகள் அதற்குள் ஊரறிந்தவையாகிவிடுகின்றன. எந்த மாடலில் திரையில் பச்சைக் கோடு விழுகிறது, எதில் சார்ஜ் போர்ட் தளர்கிறது, எதில் மதர்போர்டு போகிறது என்பதைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் சொல்லிவிடுவார். மொத்தம் எத்தனை விற்றன என்பது அவருக்கும் தெரியாது. ஆதலால் அவர் சொல்லும் "இதுதான் நிறைய வருது" என்பதை விகிதமாகக் கொள்ளக் கூடாது. ஆனால் எந்தக் குறை எங்கே வருகிறது என்பதில் அவர் பேச்சு எந்தத் தரவரிசையையும்விட நம்பத்தக்கது.

பெரும்பாலோர் போனை மாற்றுவதற்கான காரணங்களும் இந்தப் பட்டியல்களில் இடம்பெறுவதில்லை. திரை உடைகிறது, பேட்டரி தேய்கிறது, அப்டேட் நின்றுபோகிறது. இவற்றுள் பேட்டரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். லித்தியம் அயனி பேட்டரி பயன்பாட்டாலும் வெப்பத்தாலும் தேய்ந்தே தீரும். அது பழுது அல்ல, அதன் இயல்பு. தேய்ந்த பேட்டரியால் போன் திடீரென அணைந்துவிடாமல் இருக்க, சில பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியே குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பேட்டரியை மாற்றினால் வேகம் திரும்பிவிடும் என்று தெரியாமலேயே புதுப் போன் வாங்கியவர்கள் இருந்திருப்பார்கள். வாங்கியவர்களுக்கு இதைத் தெரிவிக்காததற்காகப் பிரான்ஸ் 2020இல் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தது. வாரண்டிக் கணக்கில் பார்த்தால், வேகம் குறைந்த அந்தப் போன்கள் எதுவும் பழுதானவை அல்ல.

அப்டேட் விஷயத்தில் நிலைமை மேலானது; வாங்கும் நாளிலேயே ஒப்பிட முடிகிறது. கூகுள் 2023இல் பிக்சல் 8க்கும், சாம்சங் 2024இல் கேலக்சி எஸ்24க்கும் ஏழு ஆண்டுகள் அப்டேட் தருவதாக அறிவித்தன. அதே நிறுவனங்களின் விலை குறைந்த மாடல்களுக்கு எத்தனை ஆண்டுகள் என்று தனியே பார்க்க வேண்டும். விளம்பரத்தில் அது பெரிய எழுத்தில் வராது. தண்ணீர் புகாத தன்மையைக் குறிக்கும் ஐபி68 என்பதும் புதுப் போனை ஆய்வகத்தில் சோதித்துப் பெற்ற சான்று மட்டுமே. தண்ணீரைத் தடுக்கும் உள் அடைப்புகள் காலப்போக்கில் தளரும்; தண்ணீரால் வரும் சேதத்துக்குப் பெரும்பாலும் வாரண்டியும் கிடையாது.

ஒப்பீடே வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. வாங்குபவர் கடையில் நிற்கும்போதே பயன்படும் ஒப்பீடு வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடப்பிலுள்ள விதி அந்தத் திசையில் சென்றிருக்கிறது. அங்கு விற்பனைக்கு வரும் திறன்பேசியின் பேட்டரி, 800 முறை முழு சார்ஜ் சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும். முக்கிய உதிரிபாகங்கள், அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகு ஏழு ஆண்டுகள் வரை கிடைக்க வேண்டும். போனுடன் வரும் லேபிளில், கீழே விழுவதைத் தாங்கும் திறனுக்கும் பழுதுபார்க்க எளிதா என்பதற்கும் தனித்தனியே தர எழுத்து இருக்க வேண்டும். நிறுவனத்தின் புகழைப் பாராமல், அந்த ஒரு மாடலைப் பற்றிப் பேசுகிறது இது.

அதிலும் ஓட்டை உண்டு. தர எழுத்தை நிறுவனங்கள் தாமே சோதித்து அறிவிக்கின்றன. சோதனை முறையில் தெளிவின்மை இருப்பதாகச் சொல்லி, தன் ஐபோன்களின் சில மதிப்பெண்களைத் தானே குறைத்துக்கொண்டதாக ஆப்பிள் அறிவித்தது. ஒரு நிறுவனம் அடக்கி வாசிக்க, இன்னொன்று தாராளமாக மதிப்பிட்டுக்கொண்டால், லேபிளில் அருகருகே நிற்கும் இரண்டு எழுத்துகளையும் எப்படி ஒப்பிடுவது? மேலும், வாரண்டிக்குள் திரும்பி வந்த போன்கள் எத்தனை என்ற மாடல்வாரிக் கணக்கு ஒவ்வொரு தயாரிப்பாளரிடமும் இருக்கிறது. விற்றது எத்தனை, திரும்பியது எத்தனை என்ற இரண்டு எண்களும் முழுமையாகத் தெரிந்தவர்கள் அவர்கள் மட்டுமே. அந்த எண்ணை லேபிளில் அச்சிடும்படி இந்த விதி அவர்களைக் கேட்கவில்லை.