கையில் இருந்த பைபிளைப் பிடுங்கத் தெரிந்தவர்களுக்கு, ஒன்று வாங்கிக் கொடுக்கத் தெரியாதா?

சனிக்கிழமை எங்கள் கத்தோலிக்கப் பங்கின் அன்பியக் கூட்டத்தில் (பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு வீட்டில் கூடி விவிலியம் வாசித்து ஜெபிக்கிற கூட்டம்) நடந்ததைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் நான்கு நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி பங்கு வாட்ஸாப் குழுவில் அதைக் கேலி செய்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்த பிறகு முடியவில்லை. எதைச் சொல்கிறேன் என்று குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்ட பதினோரு பேருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

கூட்டத்துக்கு வந்த ஓர் அக்கா, போன பாஸ்கா திருவிழிப்பில்தான் (ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாடு) திருமுழுக்கு (ஞானஸ்நானம்) வாங்கினார். சனிக்கிழமை வாசகம் சீராக்கின் ஞானம் என்ற விவிலிய நூலின் நான்காம் அதிகாரம். அவர் தன் கையில் இருந்த பைபிளைப் புரட்டுகிறார், புரட்டுகிறார், கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா வேறு "முன்னாடி பாரு, பின்னாடி பாரு" என்று வழி சொல்கிறார். பொறுப்பாளர் அண்ணன் எழுந்து வந்து புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது பெந்தெகொஸ்து பைபிளும்மா, இதையெல்லாம் இங்க கொண்டு வரக்கூடாது" என்று சொல்லி ஜன்னல் கட்டையில் வைத்தார். நான்கு பேர் சிரித்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தவர்களுக்கு ராத்திரி தூக்கம் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

நான் கேட்பது ஒரே ஒரு கேள்வி. ஒரு வருடம் மறைக்கல்வி கொடுத்தோமே, அந்த ஒரு வருடத்தில் யாராவது அவர் கையில் ஒரு திருவிவிலியத்தைக் கொடுத்தோமா? எதை வாங்க வேண்டும், எங்கே கிடைக்கும், என்ன விலை என்று ஒரு வார்த்தை சொன்னோமா? சொல்லவில்லை. அப்புறம் கேலி செய்ய மட்டும் யார் உரிமை கொடுத்தது?

அவர் கேட்காமல் இல்லை. கடைக்கும் போயிருக்கிறார். கடைக்காரர் எடுத்துக் காட்டியது ஜிப் வைத்தது, ஓரம் தங்க நிறம், பக்கவாட்டில் விரல் வைத்துத் திறக்கிற வெட்டு. விலை 1,400 ரூபாய். மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர் அந்த விலைக்குப் பைபிள் வாங்குவாரா? திரும்பி வந்துவிட்டார். பேருந்து நிலையத்தில் யாரோ இலவசமாகக் கொடுத்ததை வாங்கி, அட்டை போட்டு, பெயர் எழுதி வைத்துக்கொண்டார். அதில் அவர் செய்த குற்றம் என்ன?

கேட்க ஆள் இல்லாத புதியவர்களுக்காக இங்கேயே எழுதிவிடுகிறேன். பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் விவிலியத்தில் 73 நூல்கள். பழைய ஏற்பாடு 46, புதிய ஏற்பாடு 27. சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளின் பைபிளில் 66. புதிய ஏற்பாட்டில் ஒரு வித்தியாசமும் இல்லை, அதே 27. குறைவது பழைய ஏற்பாட்டில் ஏழு: தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு. எஸ்தரிலும் தானியேலிலும் சில பகுதிகள் கூடுதலாக உண்டு. கடையில் அட்டையைப் பார்க்காதீர்கள், உள்ளடக்கப் பக்கத்தைத் திறங்கள். பழைய ஏற்பாட்டின் கடைசியில் வரும் மலாக்கிக்கும் புதிய ஏற்பாட்டின் முதலில் வரும் மத்தேயுவுக்கும் நடுவில் இந்த நூல்கள் 'இணைத் திருமுறை நூல்கள்' என்று ஒரு பகுதியாக இருக்கின்றனவா? இருந்தால் வாங்கலாம். தமிழில் நாம் கோயிலில் கேட்பது 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. திண்டிவனத்தில் உள்ள நம் விவிலிய நடுநிலையத்தின் பெயர் அதில் இருக்கும். சாதாரண அட்டைப் பதிப்பு இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் எடுத்துக் காட்ட மாட்டார்கள். உள்ளே இருக்கிற வசனம் ஜிப்புக்காக மாறாது.

பெயர்க் குழப்பம் இன்னொன்று. அக்காவின் பைபிளில் 'ஆதியாகமம்', நாம் சொல்வது 'தொடக்கநூல்'. அதில் 'சங்கீதம்', நமக்குத் 'திருப்பாடல்கள்'. அதில் 'வெளிப்படுத்தின விசேஷம்', நமக்குத் 'திருவெளிப்பாடு'. கோயிலில் "விடுதலைப் பயண நூலிலிருந்து வாசகம்" என்று அறிவித்தால், 'யாத்திராகமம்' என்று அச்சடித்த புத்தகத்தில் அவர் எங்கே தேடுவார்? அவருக்குப் படிக்கத் தெரியவில்லை என்று நினைத்தார்களே, அவர் பிளஸ் டூ முடித்தவர்.

"எந்தப் பைபிளாக இருந்தால் என்ன, எல்லாம் இறைவார்த்தைதானே?" என்று சிலர் கேட்பீர்கள். அப்படித்தானே? அப்படியானால் ஜன்னல் கட்டையில் ஏன் வைத்தார்கள்? ஒரே வாயால் இரண்டும் பேசக் கூடாது. நான் அந்தப் பைபிளைக் குறை சொல்லவில்லை. நானே அதைப் படித்து வளர்ந்தவன்தான்.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா திண்டுக்கல்லில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். பொது மொழிபெயர்ப்பு வந்த அடுத்த வருடம் எங்கள் உபதேசியார் (கோயிலில் மறைக்கல்வி சொல்லித் தருபவர்) சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து வீடு வீடாகக் கொடுத்தார். அப்பா நான்கு தவணையில் பணம் கட்டினார். கடைசித் தவணையின்போது உபதேசியார் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, "பிள்ளைக்கு நோட்டு வாங்கிக்குடு" என்றார். சரி, பைபிள் வந்துவிட்டது. வந்தது எங்கே போனது? பிரவுன் ஷீட் போட்டு, அதற்கு மேல் பிளாஸ்டிக் போட்டு, திருஇருதயப் படத்துக்குக் கீழே ஷோகேஸில். சீரோ பல்பு வெளிச்சத்தில் பத்து வருடம் புத்தம் புதிதாக இருந்தது. முதல் பக்கத்தில் எங்கள் பிறந்த தேதிகளும் தாத்தா இறந்த தேதியும் மட்டும் எழுதியிருக்கும். நான் உண்மையில் படித்தது பள்ளிக்கூடத்தில் கிதியோன்காரர்கள் (இலவசமாக வேதாகமம் கொடுக்கிற அமைப்பு) கொடுத்த சட்டைப்பைப் புத்தகத்தை. புதிய ஏற்பாடு, சங்கீதம், நீதிமொழிகள். அதுதான் என் கையில் இருந்தது, அதனால் அதைத்தான் படித்தேன். அவ்வளவுதான் விஷயம். கையில் எது இருக்கிறதோ அதைத்தான் மனிதர்கள் படிப்பார்கள்.

காலேஜ் ஹாஸ்டலில் ஒரு சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட் சபை) நண்பன், "உங்க பைபிள்ல ஏழு புக்கு எக்ஸ்ட்ராவாமே, நீங்களே சேத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. பிறவிக் கத்தோலிக்கன், பலிபீடச் சிறுவனாகப் பத்து வருடம் மணி அடித்தவன், முழித்துக்கொண்டு நின்றேன். விவிலிய நூல்களின் பட்டியலைத் திரெந்து சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் மாமன்றம்) 1546-இல் உறுதி செய்தது என்பதோ, 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளிலேயே அந்த நூல்கள் தனிப் பகுதியாக இருந்தன என்பதோ யாரும் சொல்லித் தரவில்லை. 1826-இல் பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் இந்த நூல்கள் சேர்ந்த பதிப்புகளுக்குப் பணம் தருவதில்லை என்று தீர்மானித்தது. மலிவுப் பதிப்புகளில் அவை அருகிப்போக அது ஒரு பெரிய காரணம். பார்த்தீர்களா, அங்கேயும் காசுதான் முடிவு செய்திருக்கிறது.

"இப்போதுதான் எல்லாம் போனில் இருக்கிறதே?" இருக்கிறது. தமிழ் விக்கிமூலத்திலேயே திருவிவிலியம் முழுக்க இலவசமாகப் படிக்கலாம். நல்ல விஷயம், எல்லோருக்கும் சொல்லுங்கள். ஆனால் கூட்டத்தில் போனை எடுத்தால் "ஜெப நேரத்துல என்னம்மா போன்?" என்று கேட்பதும் இதே வாய்தான்.

"இலவசமாகக் கொடுத்தால் மதிப்பு இருக்காது." இந்த வாதத்துக்குப் பதில் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நமக்குத் திருமுழுக்கு என்ன விலைக்குக் கிடைத்தது?

"ஃபாதரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே, முகநூலில் ஏன்?" சொன்னேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் சொன்னேன். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சாதாரண அட்டைப் பதிப்பு ஒன்று, பங்குச் செலவில். வருடத்துக்கு ஐந்தாறு பேர்தான். "நல்ல யோசனை, பங்குப் பேரவையில் பேசுவோம்" என்றார்கள். பேரவையில் பேசியது தேருக்கு எத்தனை கலர் சீரியல் லைட் என்பதைப் பற்றி. நான் திருவிழாவுக்கு எதிரி இல்லை. சின்ன வயதில் சப்பரத்துக்குப் பின்னால் செருப்பில்லாமல் நடந்தவன்தான் நானும். ஆனால் பத்து நிமிட வாணவேடிக்கைக் காசில் எத்தனை பைபிள் வாங்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டியதற்கு எனக்குக் கிடைத்த பட்டம் 'அரைப் பெந்தெகொஸ்து'. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கையில் விவிலியத்தோடு போகிறேனாம், அதனால் சந்தேகமாம். எங்கள் பங்கில் ஜெபமாலை கையில் இருந்தால் பக்தி, விவிலியம் கையில் இருந்தால் சந்தேகம். இரண்டும் என் பையில்தான் இருக்கின்றன, வந்து பாருங்கள்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இலேயே சொல்லிவிட்டது, நம்பிக்கையாளர் எல்லோருக்கும் மறைநூல் எளிதாகக் கிடைக்கும்படி செய்ய வேண்டும் என்று. எல்லோருக்கும். ஷோகேஸ் இருப்பவர்களுக்கு மட்டும் இல்லை.

இன்னொன்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. திருவிழிப்பில் ஏழு பழைய ஏற்பாட்டு வாசகங்கள் உண்டே, அதில் ஆறாவது பாரூக்கு நூலிலிருந்து. அக்கா கையில் மெழுகுதிரியோடு நின்ற அதே இரவுக்கு உரிய வாசகம். அவர் கையில் இருந்த பைபிளில் அந்த நூலே கிடையாது. அதை அவரிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். நானும் அந்தக் கோயிலில்தான் நின்றேன். சனிக்கிழமையும் அந்த வீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன், நீங்கள் சொல்வதற்கு முன்னால்.

சனிக்கிழமை வாசித்தது எந்தப் பகுதி என்று யாராவது கவனித்தீர்களா? ஏழையின் பிழைப்பைப் பறிக்காதே, கையேந்தி நிற்பவரைக் காக்க வைக்காதே என்று தொடங்குகிற பகுதி. அதை வாசித்து முடித்து, "இறைவா உமக்கு நன்றி" சொல்லி, சுண்டல் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தோம். அந்தப் புத்தகம் ஜன்னல் கட்டையிலேயே கிடந்தது. அக்கா கடைசியாக வந்து எடுத்துக்கொண்டு போனார்.

நேற்று சாதாரண அட்டையில் ஒரு திருவிவிலியம் வாங்கிவிட்டேன். மாற்கு நற்செய்தியில் அடையாளத்துக்கு ஒரு கயிறு வைத்திருக்கிறேன், பதினாறே அதிகாரம், தொடங்க வசதி. முதல் பக்கத்திலிருந்து தொடங்கி லேவியர் நூலில் மாட்டிக்கொண்ட பலரை எனக்குத் தெரியும், அதில் நானும் ஒருவன். சீராக்கு நான்காம் அதிகாரத்தில் இன்னொரு கயிறு. பழைய பைபிளையும் அவரே வைத்துக்கொள்ளட்டும், அவர் பெயர் எழுதியது அது. நாளை சாயங்காலம் ஆறு மணிக்கு அக்கா வீட்டுக்குப் போகிறேன். கூட வர நினைப்பவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். பொறுப்பாளர் அண்ணன் வந்தால் ரொம்பச் சந்தோஷம். பொன்னாடை, போட்டோ, குழுவில் போடுவது எதுவும் வேண்டாம்.