கோப்பில் இருக்கும் திட்டம் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வராது

கோடை முகாமுக்குப் பிள்ளையை அனுப்பும்போது "பாதுகாப்பு ஏற்பாடெல்லாம் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கோப்பை எடுத்து நீட்டுவார்கள். உள்ளே அவசரகாலத் திட்டம் என்று பத்திருபது பக்கம் இருக்கும், கையெழுத்து, முத்திரையோடு. பல வருடம் முகாம்களில் தன்னார்வலராக இருந்திருக்கிறேன். அந்தக் கோப்பை நான் முதன்முதலில் திறந்து படித்தது ஒரு ஏரிக்கரைச் சம்பவத்துக்குப் பிறகுதான்.

அன்று 32 பிள்ளைகள் தண்ணீரில் இறங்கியிருந்தார்கள். கரையேறியதும் எண்ணினேன், 31. திரும்ப எண்ணினேன், 31தான். புல்லில் ஒரு நீலத் துண்டு கிடந்தது. அதன்மேல் மடித்து வைத்த மூக்குக்கண்ணாடி. அந்தப் பையன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்குவான். கண்ணாடி இங்கே இருக்கிறதென்றால் அவன் எங்கே?

பெரியவர்கள் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேரும் அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு ஒரே பக்கம் ஓடினோம். மீதி 31 பிள்ளைகள் தண்ணீர் ஓரத்தில் தனியாக நின்றார்கள். யார் தண்ணீரில் இறங்குவது, யார் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆறேழு நிமிடம் கழித்து, கண்ணாடி இல்லாமல் தடவித் தடவி, பின்பக்கக் கழிப்பறையிலிருந்து நடந்து வந்தான். மூச்சு நின்றால் நான்கைந்து நிமிடத்திலேயே மூளை பாதிக்கத் தொடங்கிவிடும் என்று பிறகுதான் படித்தேன். அந்த ஆறேழு நிமிடம் இன்னும் என்னை விடவில்லை.

தண்ணீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது. வாய் தண்ணீருக்கு மேலே வந்து போகும் அந்த நொடியில் மூச்சு இழுக்கத்தான் நேரம் இருக்கும். அதனால் காதை நம்பி நிற்கக் கூடாது. அடுத்த வருடத்திலிருந்து இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துத்தான் இறக்கினோம். பத்து நிமிடத்துக்கு ஒரு விசில். ஜோடி கையைக் கோத்துத் தூக்க வேண்டும். ஒரு கை தனியாக நின்றால் அத்தனை பேரும் கரைக்கு. ஒருவர் பிள்ளைகளோடு இருப்பார், ஒருவர் போன் செய்வார், நீந்தத் தெரிந்தவர்கள் தேட இறங்குவார்கள். யாருக்கு எந்த வேலை என்பது முந்தின நாளே முடிவாகியிருக்கும்.

2025 ஜூலை 4 விடிகாலையில் டெக்சாஸில் குவாடலூப் ஆறு பெருகி, கரையோரம் இருந்த கேம்ப் மிஸ்டிக் என்ற சிறுமிகள் முகாமில் பிள்ளைகளும் அவர்களைப் பார்த்துக்கொண்ட இளம் பெண்களுமாக 27 பேர் இறந்தார்கள். அதற்கு இரண்டே நாள் முன்னால்தான் மாநில ஆய்வாளர் வந்து, எழுத்தில் அவசரகாலத் திட்டம் இருக்கிறது என்று குறித்துவிட்டுப் போயிருந்தார். வெள்ளம் வரும் தாழ்வான இடத்தில் பிள்ளைகள் தூங்கும் அறைகள் இருக்கக் கூடாது என்ற சட்டம் அந்தச் செப்டம்பரில்தான் வந்தது. ஆற்றோரம் அறை போட்டுவிட்டு எத்தனை பக்கம் திட்டம் எழுதினாலும் எனக்கு அது திட்டமாகத் தெரியவில்லை. முதலில் இடம், பிறகுதான் தாள். ராத்திரி எச்சரிக்கை வந்தால் அதைக் கேட்க ஒருவர் விழித்திருக்கவும் வேண்டும். பிள்ளைகளின் போன்களை வாங்கிப் பூட்டி வைக்கும் முகாமில் இது இன்னும் அவசியம்.

மற்றவை எல்லாம் கற்றுக்கொடுத்தால் ஒரு மாலையில் வந்துவிடும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை யாரும் வெளியே போகக் கூடாது. வெயிலில் உடம்பு கொதித்து ஒரு பிள்ளையின் பேச்சு குழறினால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை சும்மா இருக்காமல் குளிர்ந்த தண்ணீரால் உடம்பைக் குளிர வைக்க வேண்டும். கடும் ஒவ்வாமை உள்ள பிள்ளையின் அட்ரினலின் ஊசி அவனோடு போகும் பெரியவரின் பையில் இருக்க வேண்டும். ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடந்தால் அது இருந்தும் இல்லாததுதான்.

பெற்றோரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். வலிப்பு, வீசிங், ஒவ்வாமை எதையும் படிவத்தில் மறைக்காதீர்கள். சேர்க்க மாட்டார்களோ என்ற பயம் புரிகிறது. ஆனால் பிள்ளை தரையில் துடிக்கும்போது பக்கத்தில் இருக்கப் போவது உங்களுக்குத் தெரிந்தது எதுவும் தெரியாத ஒரு பத்தொன்பது வயதுப் பெண்.

ஒத்திகை வைத்தால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் நாள் சாயங்காலமே வைத்துப் பார்த்திருக்கிறோம். "இன்னொரு தடவை" என்றுதான் கேட்பார்கள். இருட்டில், செருப்பும் டார்ச்சுமாக ஒரு தடவை நடந்த வழியைக் கால் மறக்காது.

இந்த வருடம் விடப் போகும்போது முகாம் தலைவரிடம் கேட்காதீர்கள். உங்கள் பிள்ளையின் அறையிலேயே படுக்கப் போகும் அந்தச் சின்னப் பெண்ணையோ பையனையோ தேடிப் பிடித்து, "ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி உள்ளே வந்தா இவங்களை எங்கேம்மா கூட்டிட்டுப் போவே?" என்று கேளுங்கள். கை தானாக ஒரு மேட்டைக் காட்டினால் பையை இறக்குங்கள். "ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன் ஆன்ட்டி" என்றால், பை வண்டியிலேயே இருக்கட்டும்.