மொட்டை மாடியில் இரண்டு முட்டை

செயலாளர்: அம்மா, நம் குடியிருப்புச் சங்கச் செயலாளர் என்ற முறையில் நேராகவே கேட்கிறேன். மாடியில் அந்த இரண்டு முட்டைகளை யாருக்காகக் கட்டினீர்கள்?

அம்மா: திருச்சிக்காக.

செயலாளர்: திருச்சியில் உங்களுக்கு யாரோடு பகை?

அம்மா: பகையா? திருச்சி வானொலி, தம்பி. 936 கிலோஹெர்ட்ஸ். இருட்டிய பிறகு இங்கே சென்னை வரைக்கும் வரும்.

செயலாளர்: மூன்றாம் மாடிக்காரர் துணி காயப்போடப் போனவர், நீங்கள் கட்டிய கம்பியின் இரு முனையிலும் வெள்ளை முட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே இறங்கி வந்துவிட்டார். இப்போது அவர் வீட்டு வாசலில் எலுமிச்சம்பழம் தொங்குகிறது.

அம்மா: அது பீங்கான். ரிச்சி தெருவில் வாங்கினேன். தட்டிப் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு துளை இருக்கிறதா? ஒன்றில் செம்புக் கம்பி, மற்றதில் நைலான் கயிறு. காற்றில் வரும் வானொலி அலை ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக் கணக்கில்தான் வரும். அதுவும் ஈரச் சுவர் வழியாக மண்ணுக்குள் போய்விட்டால் வானொலிப் பெட்டிக்கு என்ன மிஞ்சும்? அதற்குத்தான் இந்தப் பீங்கான்.

செயலாளர்: மந்திரித்த பீங்கான் இல்லையே?

அம்மா: கடைக்காரர் ரசீதே தரவில்லை, மந்திரமா தருவார்?

செயலாளர்: சரி, லைசென்ஸ் இருக்கிறதா?

அம்மா: நான் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள். ஆண்டுக்கு 15 ரூபாய் வாங்கிக்கொண்டு வானொலி லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை குத்தியவளே நான்தான். அதை 1980களிலேயே எடுத்துவிட்டார்கள். நீங்கள் அப்போது பிறந்திருந்தீர்களா?

செயலாளர்: அது கிடக்கட்டும். கதிர்வீச்சு விஷயம் பெரியது. கம்பி கட்டிய நாளிலிருந்து எனக்குத் தலைவலி. மூன்றாம் மாடிக்காரருக்குத் தூக்கம் இல்லை. லிஃப்ட் வேறு நடுவில் நின்றுவிட்டது.

அம்மா: கம்பியின் கீழ்முனை எங்கே இருக்கிறது, பார்த்தீர்களா?

செயலாளர்: உங்கள் ஜன்னல் கம்பியில் சுருட்டி வைத்திருக்கிறது.

அம்மா: இன்னும் பெட்டியோடு இணைக்கவே இல்லை.

செயலாளர்: ஐயோ! இணைக்காதபோதே இவ்வளவு வலி என்றால், இணைத்தால் என் கதி என்ன?

அம்மா: தம்பி, இது கேட்கிற கம்பி. அனுப்புகிற கம்பி இல்லை.

செயலாளர்: முட்டையுமா கேட்கும்?

அம்மா: முட்டையை விடுங்கள்!

செயலாளர்: விடத்தான் பார்க்கிறேன், மூன்றாம் மாடி விடமாட்டேன் என்கிறார். இடி விழுந்தால்?

அம்மா: இது கேள்வி. வானம் கறுக்கத் தொடங்கினாலே, இடி முழங்கும் முன்பே, பெட்டியை இந்தக் கம்பியின் பக்கமே கொண்டுபோகமாட்டேன். தோட்டத்தில் மண்ணுக்குள் தண்டு அடித்து வைத்திருக்கிறேன், கீழ்முனையை அதோடு முடிந்துவிடுவேன். தெரு மின்கம்பி இருக்கும் பக்கம் கட்டவே இல்லை. வேறு?

செயலாளர்: செல்போனில் செயலியைத் தொட்டால் எல்லா நிலையமும் வருகிறதே. கம்பி எதற்கு?

அம்மா: 2015 டிசம்பர் வெள்ளத்தில் எதைத் தொட்டீர்கள்? மின்சாரம் போயிற்று, செல்போன் செத்தது. என் வீட்டில் பாட்டரிப் பெட்டி ஒன்றுதான் பேசிக்கொண்டிருந்தது. நீங்கள்கூட வந்து கேட்டீர்கள், போர்வை போர்த்திக்கொண்டு.

செயலாளர்: அப்போது கம்பி இல்லாமலே கேட்டதே?

அம்மா: அப்போது இந்தப் படிக்கட்டு விளக்குகள் இல்லை. இருப்பதிலேயே மலிவான எல்இடியாகப் பார்த்து வாங்கி மாடிக்கு மாடி மாட்டினீர்களே, பொழுது சாய்ந்து அவை எரிந்ததும் திருச்சி இருக்கும் இடத்தில் கடலை வறுக்கிற சத்தம்தான் வருகிறது. அந்த இரைச்சலிலிருந்து தப்பிக்கத்தான் கம்பியை மாடிக்கு ஏற்றினேன்.

செயலாளர்: விளக்கு சங்கத்தின் முடிவு. கம்பி உங்கள் தனி முடிவு. கண்ணுக்கும் அசிங்கமாக இருக்கிறது.

அம்மா: ஒரு மில்லிமீட்டர் கம்பி உங்கள் கண்ணை உறுத்துகிறது. அதற்குப் பக்கத்திலேயே பனைமர உயரத்துக்கு ஒரு செல்போன் கோபுரம் நிற்கிறதே, அது உறுத்தவில்லையா? இராப்பகலாக அனுப்பிக்கொண்டே இருப்பது அதுதான்.

செயலாளர்: அது வாடகை தருகிறது, அம்மா.

அம்மா: அதனால்தான் தலைவலி தருவதில்லையா?

செயலாளர்: எதுவாக இருந்தாலும் பொதுக்குழுவில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அம்மா: தாராளமாக வையுங்கள். முதலில் கம்பி, அடுத்தது அந்த வாடகைக் கணக்கு. எந்த மாதத்திலிருந்து கேட்கட்டும்?

செயலாளர்: நான் இன்று மாடிக்கே வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா: வந்ததுதான் வந்தீர்கள், அந்தத் தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் போட்டுவிட்டுப் போங்கள். மழை தொடங்கியதிலிருந்து திறந்தே கிடக்கிறது.